சில்லறை இல்லையா, ஸ்கேன் பண்ணுங்க

அரசு கலை அறிவியல் கல்லூரியில் சேர இணையத்தில் விண்ணப்பிக்கும் பிளஸ் டூ மாணவர் அண்மை ஆண்டுகளில் கட்டிவரும் தொகை 50 ரூபாய். விண்ணப்பத்துக்கு 48, பதிவுக்கு 2. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். ஏடிஎம் கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ என ஏதாவது ஒரு வழியில் கட்டலாம். பெரம்பலூர் மாவட்டத்தின் வாலிகண்டபுரத்திலோ வேப்பந்தட்டையிலோ ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இதில் ஒன்றாவது சொந்தப் பெயரில் இருந்தால் அது அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் பிரவுசிங் சென்டர்தான் கதி. சென்டர்காரர் தன் போனிலிருந்து கட்டிவிட்டு, தன் கூலியையும் சேர்த்து நோட்டாக வாங்கிக்கொள்வார்.

அதே பிள்ளை, முதல் செமஸ்டர் முடிவதற்குள் கல்லூரி வாசல் டீக்கடையில் அலட்சியமாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கும். நடுவில் சில மாதங்கள்தான். அதற்குள் என்ன நடந்தது?

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க ஆய்வாளர்கள் விடை தேடியிருக்கிறார்கள். 1989-ல் ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒரு புதிய தொழில்நுட்பத்தை மனிதர்கள் ஏற்பதும் தள்ளுவதும் இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது என்றார். இதனால் எனக்குப் பயன் உண்டா? இதைக் கையாள்வது சுலபமா? அவ்வளவுதான். 2003-ல் விஸ்வநாத் வெங்கடேஷ் என்ற இந்திய வம்சாவளிப் பேராசிரியர், டேவிஸ் உள்ளிட்ட மூவருடன் சேர்ந்து இந்தப் பட்டியலை நீட்டினார். சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், தேவையான வசதி கையருகே இருக்கிறதா என்பவையும் அதில் சேர்ந்தன. 2012-ல் பழக்கம், விலை, பொழுதுபோக்கு இன்பம் ஆகிய மூன்றும் வந்து ஒட்டிக்கொண்டன.

இன்றைக்கு வணிகவியல், மேலாண்மைத் துறைகளில் எழுதப்படும் எண்ணற்ற ஆய்வேடுகளுக்கு இந்தச் சட்டகம்தான் அடிப்படை. அவற்றில் மாணவர்களைப் பற்றிய ஆய்வுகள் இத்தனை வருவதற்குக் காரணம் ரகசியமல்ல. ஆய்வாளருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் படிவத்தைப் போட்டால் மாலைக்குள் நூறு பேர் நிரப்பிவிடுவார்கள். ஏற்கனவே போனில் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவரிடம் 'ஏன் பயன்படுத்துகிறாய்' என்று கேட்டால் 'சுலபமாக இருக்கிறது, பயனாக இருக்கிறது' என்றுதான் பதில் வரும். வேறென்ன சொல்வார்?

பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. முதலில் வருவது வசதி. அடுத்தது சுற்றியிருக்கும் மனிதர்கள். சுலபம் என்பதெல்லாம் அதற்கும் பிறகு.

வசதி என்று சொல்லும்போது பலரும் ஸ்மார்ட்போனையும் மலிவான டேட்டாவையும் நினைப்பார்கள். அதுவும் உண்மைதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைக்கு இறக்கியது. இரண்டே மாதத்தில், நவம்பர் 8-ம் தேதி இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதும் ரொக்கத்துக்கு மாற்று தேட வேண்டியதாயிற்று. ஆனால் போனும் டேட்டாவும் இருந்தால் மட்டும் ஜிபே (கூகுள் பே) வந்துவிடாது. பின்னால் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும், அது பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், அதில் ஏதாவது பணமும் கிடக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த மூன்றையும் லட்சக்கணக்கான ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் கொடுத்தது எந்தச் செயலி நிறுவனமும் அல்ல, மாநில அரசின் உதவித்தொகைத் திட்டங்கள்.

2022 செப்டம்பர் 5 அன்று சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய், நேரே அவர்கள் வங்கிக் கணக்குக்கு. 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் பையன்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' தொடங்கியது. வேப்பந்தட்டை, குரும்பலூர், அரியலூர் அரசுக் கல்லூரிகளில் படிப்பவர்கள் பெரும்பாலும் இந்தத் திட்டங்கள் யாரை மனதில் வைத்து வரையப்பட்டனவோ அவர்கள்தான். பணம் கணக்கில் விழுகிறது, கணக்கோடு ஏடிஎம் கார்டும் வருகிறது. யுபிஐ ரகசிய எண் அமைக்கப் பொதுவாகக் கேட்கப்படுவது அந்தக் கார்டின் கடைசி ஆறு எண்கள். படிப்புக்காகக் கொடுத்த கார்டு, அப்படியே டிஜிட்டல் பணத்துக்கான நுழைவுச்சீட்டாகவும் ஆகிவிட்டது.

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. எந்த ஆய்வேட்டின் கேள்வித்தாளிலும் அதற்கு ஒரு கட்டம் இருக்காது. யுபிஐ வேலை செய்ய வேண்டுமானால், வங்கியில் பதிவான கைபேசி எண்ணின் சிம் கார்டு அந்தப் போனிலேயே இருக்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கில் அப்பாவின் எண்ணோ அண்ணனின் எண்ணோதான் இருக்கும். சில வீடுகளில் அந்த எண் ரீசார்ஜ் செய்யாமல் செத்தே போயிருக்கும். வங்கிக் கிளைக்குப் போய், படிவம் எழுதிக்கொடுத்து, எண்ணை மாற்றக் காத்திருக்க வேண்டும். வகுப்பு இருக்கும் நேரத்தில்தான் வங்கியும் திறந்திருக்கும். அதனால் ஒரு நாள் லீவு போட்டாக வேண்டும். ஒரே வகுப்பில் பாதிப் பேர் ஜிபே வைத்திருக்க மீதிப் பேர் வைத்திருக்காததற்கு ஆர்வமின்மையைவிட இந்தச் சிம் கார்டு பெரிய காரணமாக இருப்பதுண்டு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். டிஜிட்டல் பணப்பை என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறோம். கறாராகப் பார்த்தால் வாலட் வேறு, யுபிஐ வேறு. பேடிஎம் 2014 முதல் கொடுத்தது வாலட். அதில் முன்கூட்டியே பணத்தை ஏற்றிவைத்துச் செலவழிக்க வேண்டும். 2016-ல் இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் கொண்டுவந்த யுபிஐ, வங்கிக் கணக்கிலிருந்தே நேராகப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறது. 2017 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வாலட்டுகளுக்கு அடையாளச் சான்று விதிகளை இறுக்கியது. அதன்பின் வாலட்டைவிட யுபிஐ சுலபமாகிவிட்டது. 2024 ஜனவரி 31-ல் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிமீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்து, மார்ச் 15-க்குப் பிறகு அதில் புதிதாகப் பணம் போட முடியாதபடி செய்தது. இப்போது வாலட் என்ற யோசனை யுபிஐ லைட் என்ற பெயரில் திரும்ப வந்திருக்கிறது. சிறு தொகையை எடுத்து வைத்துக்கொண்டு, ரகசிய எண் போடாமலே டீக்கும் ஜெராக்ஸுக்கும் கொடுக்கலாம். 2022 செப்டம்பரில் அறிமுகமானபோது ஒரு தடவைக்கு 200 ரூபாய் வரம்பு, இப்போது 1000.

சரி, கணக்கும் சிம்மும் தயார். யாருக்காகப் பயன்படுத்துவது?

முதல் பதில், வீடு. கென்யாவில் 2007-ல் எம்-பெசா தொடங்கியபோது, நகரத்தில் உழைக்கும் மகன் கிராமத்துக்குப் பணம் அனுப்புவதுதான் அதை ஓடவைத்தது. பெரம்பலூர்ப் பக்கத்தில் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கிராமத்திலிருந்தோ, கட்டட வேலைக்குப் போன சிங்கப்பூரிலிருந்தோ பிள்ளையின் விடுதி அறைக்கு வருகிறது. முன்பெல்லாம் விடுமுறை முடிந்து கிளம்பும் பிள்ளையின் பையில் ஒரு மாதச் செலவை மடித்து வைப்பார்கள். இப்போது 'நோட்டு வாங்கணும்' என்று சொன்ன பத்தாவது நிமிடம் இருநூறு ரூபாய் வந்து விழுகிறது. 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. தொடக்கத்திலேயே அதில் சேர்ந்த வங்கிகளில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் உண்டு. ஊர்க் கிளைகளில் நம் மக்கள் பலர் கணக்கு வைத்திருப்பது இவற்றில்தான்.

2024-ல் வந்த யுபிஐ சர்க்கிள் என்ற வசதி இந்த உறவை இன்னும் நெருக்கமாக்குகிறது. அப்பாவின் கணக்கிலிருந்தே பிள்ளை தன் போனில் பணம் கொடுக்கலாம். மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை வரம்பு வைக்கலாம், அல்லது ஒவ்வொரு செலவுக்கும் அப்பா போனில் ஒப்புதல் கொடுக்கலாம். இரண்டாவது முறையை எந்தக் கல்லூரி மாணவர் மனமுவந்து ஏற்பார் என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது பதில், கடை. மாணவர்களின் மனநிலையை அலசும் ஆய்வுகள் டீக்கடைக்காரரின் மனநிலையை மறந்துவிடுகின்றன. கார்டு தேய்க்கும் கருவி இருந்த காலத்தில் அதற்கு வாடகை, ஒவ்வொரு விற்பனைக்கும் கமிஷன். இருபது ரூபாய் வியாபாரத்துக்கு அது கட்டுப்படியாகாது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ வரவுக்குக் கடைக்காரர் கமிஷன் எதுவும் தரவேண்டாம் என்றானது. ஒரு க்யூஆர் அட்டையை ஒட்டிவைத்தால் போதும். அதற்கும் மேலே அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி. டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்க்க முடியாது. பணம் வந்ததைப் பெட்டி உரக்கச் சொல்லிவிடுகிறது. போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றும் வேலையும் அதனால் பெருமளவு அடங்கியது. சில்லறைப் பஞ்சம் வேறு. மீதிக்கு மிட்டாய் வாங்கிக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்கும்? 'சில்லறை இல்லையா, ஸ்கேன் பண்ணுங்க' என்று கடைக்காரரே சொன்ன நாளில் மாணவருக்கு வேறு பிரசாரம் தேவைப்படவில்லை.

2016 டிசம்பரில் நாடு முழுவதும் ஒரு மாதத்தில் நடந்த யுபிஐ பரிவர்த்தனைகள் ஏறக்குறைய 20 லட்சம். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2000 கோடியைத் தாண்டின.

இந்த வளர்ச்சிக்குக் கேஷ்பேக்தான் காரணம் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். தமிழ்நாட்டை வைத்துப் பார்த்தால் அது முழுமையாக நிற்காது. 2017 செப்டம்பரில் 'தேஸ்' என்ற பெயரில் வந்து, அடுத்த ஆண்டு கூகுள் பே ஆன செயலி, பணம் அனுப்பினால் சுரண்டிப் பார்க்கும் அட்டைகளைப் பரிசாகக் கொடுத்தது. குலுக்கல் போல அதிர்ஷ்டத்தை நம்பிய பரிசு அது. தமிழ்நாட்டிலோ 1979-லேயே பரிசுத் திட்டங்களைத் தடுக்கும் சட்டம் போடப்பட்டிருக்கிறது. பொருள் வாங்கினால் குலுக்கலில் பரிசு என்று மக்களை இழுப்பதை நிறுத்த வந்த சட்டம். நாடு தழுவிய பரிசு அறிவிப்புகளின் அடியில் 'தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குப் பொருந்தாது' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருப்பது இதனால்தான். கூகுள் பேயின் பரிசு விதிகளிலும் தமிழ்நாட்டுக்கு விலக்கு இருந்தது. ஸ்மார்ட்போன் என்ற ஒன்றைக் கனவிலும் காணாத காலத்துச் சட்டம், செயலி யுகத்து விளம்பர உத்திக்கு வேலி போட்டது. இருந்தும் இங்கே யாரும் பின்தங்கிவிடவில்லை. பரிசு இல்லாத ஊரிலும் பழக்கம் பரவியது என்றால், இழுத்தது பரிசு மட்டும் அல்ல என்றுதானே கொள்ள வேண்டும்?

அரசே பரிசு கொடுத்த கதை மலேசியாவில் உண்டு. 2021-ல் இ-பெலியா என்ற திட்டத்தின்கீழ் 18 முதல் 20 வயது இளைஞர்களுக்கும் முழுநேர உயர்கல்வி மாணவர்களுக்கும் ஆளுக்கு 150 ரிங்கிட் மின்பணப்பையில் போடப்பட்டது. ரொக்கமாக எடுக்க முடியாது, குறித்த காலத்துக்குள் கடையில் செலவழிக்க வேண்டும். அங்கே அரசு மாணவரைப் பணப்பைக்குப் பழக்குவதற்காகவே பணம் கொடுத்தது. இங்கே படிப்புக்காகக் கொடுத்தது, பழக்கம் தானாக வந்து சேர்ந்தது.

மூன்றாவது பதில், நண்பர்கள். கல்லூரியில் ஒரு வாரம் இருந்து பார்த்தால் தெரியும், எத்தனை வசூல்! துறை விழாவுக்கு, பொங்கல் கொண்டாட்டத்துக்கு, யாரோ ஒருவர் பிறந்தநாள் கேக்குக்கு, சுற்றுலா முன்பணத்துக்கு. வகுப்பு லீடர் குழுவில் க்யூஆரைப் போட்டு, கட்டியவர் பெயர்களை டிக் அடித்துக்கொண்டே வருவார். அறுபது பேரில் ஐம்பத்தைந்து பேர் போனில் கட்டும்போது, ஐந்து பேர் நோட்டை நீட்டினால் லீடர் முகம் சுளிப்பார். 'உன்கிட்ட ஜிபே இல்லையா?' என்ற ஒரு கேள்விக்குள் வெங்கடேஷ் சொன்ன சமூகத் தாக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஓட்டலில் ஒருவர் மொத்தமாகக் கட்டி மற்றவர்கள் பிரித்து அனுப்பும் ஏற்பாட்டில் சேர முடியாதவர், மெல்ல ஓட்டலுக்கே வராமல் போய்விடுவதும் உண்டு.

ரொக்கம் இன்னும் ஆளும் இடங்களும் இருக்கின்றன. வாலிகண்டபுரத்திலிருந்து பெரம்பலூருக்கு வரும் மாணவி டவுன் பஸ்ஸில் ஏறினால் 2021 மே முதல் டிக்கெட்டுக்குக் காசே வேண்டாம். ஆனால் புறநகர்ப் பேருந்தில் ஏறும் பலருக்கு இன்னும் கண்டக்டரிடம் சரியான சில்லறையை நீட்டுவதுதான் கைவந்த வழி, யுபிஐ ஏற்கும் டிக்கெட் கருவிகள் படிப்படியாக வந்துகொண்டிருந்தாலும். நெட்வொர்க்கையும் முழுதாக நம்ப முடியாது. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாள்களில் நாடு முழுக்க யுபிஐயே தடுமாறியது. போனின் பின்னட்டைக்குள் ஒரு நூறு ரூபாய் நோட்டை மடித்து வைத்திருக்கும் மாணவர்கள் விவரமானவர்கள்.

மாணவிகள் தயங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு, அது நியாயமானதும்கூட. சில செயலிகள் கைபேசி எண்ணையே யுபிஐ முகவரியாக வைத்துவிடுகின்றன. கடையில் பத்து ரூபாய் கொடுத்தால், கொடுத்தவரின் பெயரும் எண்ணும் அந்தப் பக்கம் போய்ச் சேர்கின்றன. இரவில் தெரியாத எண்ணிலிருந்து 'ஹாய்' வருமோ என்ற அச்சத்தில் நோட்டையே நீட்டும் பெண்கள் இருக்கிறார்கள். செயலியின் அமைப்புப் பகுதியில் எண் இல்லாத வேறு முகவரியை உருவாக்கிக்கொள்ள முடியும். இதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஐந்து நிமிடம் போதும். முதலாண்டு வரவேற்பு நாளில் எந்தக் கல்லூரியும் அதற்கு நேரம் ஒதுக்கலாம்.

செலவு கூடுகிறதா என்ற கேள்வியைப் பெற்றோர்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் சந்தேகம் ஆதாரமற்றதல்ல. டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் மிகவும் பேசப்படுவது. அமெரிக்காவில் மேலாண்மை படிக்கும் மாணவர்களிடம், எளிதில் கிடைக்காத கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். ஒரு பாதிப் பேர் ரொக்கம் கொடுக்க வேண்டும், மறுபாதி கிரெடிட் கார்டு. கார்டுக்காரர்கள் கேட்ட விலை ரொக்கக்காரர்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கையிலிருந்து நோட்டு போகும்போது உறுத்தும் அந்தச் சிறு வலி, கார்டில் இல்லை. அங்கே கடன், இங்கே சொந்தப் பணம் என்ற வித்தியாசம் இருக்கிறதுதான். ஆனாலும் மாதக் கடைசியில் தன் கணக்கறிக்கையைத் திறந்து, 15 ரூபாய், 20 ரூபாய் வரிகளைக் கூட்டிப் பார்க்கும் மாணவருக்கு அந்த ஆய்வின் பொருள் சட்டென்று விளங்கும்.

செலவைவிடப் பெரிய ஆபத்து வேறு. பகுதிநேர வேலை என்ற பெயரில் மாணவர்களை அணுகும் தரகர்கள், 'உன் கணக்கில் பணம் வரும், எடுத்து இன்னொருவருக்கு அனுப்பு, உனக்குக் கமிஷன்' என்பார்கள். சிலர் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் மொத்தமாக வாடகைக்குக் கேட்பார்கள். வருவது எங்கோ ஒரு முதியவரிடம் ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கும். சைபர் கிரைம் போலீஸ் தடத்தைப் பிடித்து வரும்போது முதலில் முடக்கப்படுவது மாணவரின் கணக்கு, முதலில் விசாரிக்கப்படுவதும் அவர்தான். உதவித்தொகை விழுவதும் அதே கணக்கில் என்றால் மாதா மாதம் வரும் ஆயிரமும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஆகவே இந்த ஆண்டு கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் சில வார்த்தைகள். வகுப்பு தொடங்கும் முன்பே வங்கிக்குப் போய், கணக்கில் பிள்ளையின் சொந்தக் கைபேசி எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள். பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. 'பணம் அனுப்புகிறேன், பின் நம்பர் போடு' என்று யார் சொன்னாலும் அது திருட்டு. கணக்கையோ கார்டையோ சிம்மையோ நண்பனுக்குக்கூட இரவல் தராதீர்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் தாமதிக்க வேண்டாம். உடனே 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அழைத்தால் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.